முப்பது மில்லி என்றால் முப்பது இருக்க வேண்டாமா? நாலு மாசம் உபயோகித்த காக்டெயில் செட்

போன ஐப்பசியில், அடைமழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரத்தில், இந்த செட்டை ஆன்லைனில் வாங்கினேன். ஒன்பது உருப்படி, மூங்கில் ஸ்டாண்டோடு சேர்த்து 1,349 ரூபாய். இதே சாமான் நாலைந்து கம்பெனிப் பெயரில், நாலைந்து விலையில் கிடக்கிறது. எல்லாம் ஒரே பட்டறையில் அடித்த மாதிரிதான் தெரிகிறது. அதனால் பெயர் வேண்டாம்.

வாங்கக் காரணம் எங்கள் கல்யாண நாள். புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். வீட்டுக்காரம்மா எலுமிச்சை சோடா சொன்னார். நான் டைக்கிரி என்று ஒன்று சொன்னேன். வெள்ளை ரம், எலுமிச்சை, சர்க்கரை, மூணே மூணு சாமான்தான் சார் என்றான் பரிமாறிய பையன். குடித்துப் பார்த்தால் மூன்றில் ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை. பில் வந்தபோது தெரிந்தது: அந்த ஒரு கிளாஸ் காசுக்கு நம் ஊர் ஒயின்ஷாப்பில் ஒரு ஆஃப் பாட்டில் ரம் வரும். மூணு சாமான்தானே, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அன்று ராத்திரியே ஆர்டர் போட்டுவிட்டேன்.

நான் பிறந்தது நெல்லிக்குப்பம், குடியிருப்பது அரியாங்குப்பம், வேலை கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேப்பில். காலையிலிருந்து சாயங்காலம் வரை எடை போடுவதும் அளப்பதும்தான் பிழைப்பு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்டவனே இந்த செட்டிடம் ரெண்டு வாரம் ஏமாந்திருக்கிறேன்.

பெட்டியில் வந்தவை: மூன்று பாகமாகக் கழலும் 750 மில்லி ஷேக்கர், இரண்டு பக்கமும் கிண்ணம் உள்ள அளவுக் குப்பி (ஜிக்கர் என்கிறார்கள்), முறுக்குக் கம்பி போட்ட நீளக் கரண்டி, ஸ்பிரிங் வைத்த வடிகட்டி, மரத்தில் ஒரு மத்து, ஐஸ் இடுக்கி, பாட்டில் வாயில் சொருகுகிற மூக்கு ரெண்டு, மூடி திறப்பான் ஒன்று. இடுக்கி இப்போது அப்பளம் சுடப் போய்விட்டது, அந்த வேலைக்கு நன்றாகவே இருக்கிறது. மூக்குகள் ரெண்டும் ஒழுகும். மரமத்தின் மேல் பூசிய வார்னிஷ், புதினாவை நாலு தடவை நசுக்கியதும் செதில் செதிலாக உரிந்து கிளாஸில் மிதந்தது. அன்றே தூக்கிப் போட்டேன். வாங்குகிறவர்கள் வார்னிஷ் பூசாத மத்தாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது இஞ்சி இடிக்கிற சின்ன உலக்கையே போதும்.

இனி அந்த ரெண்டு வாரக் கதை.

நான் எடுத்துக்கொண்ட கணக்கு 60 மில்லி வெள்ளை ரம், 30 எலுமிச்சைச் சாறு, 15 சர்க்கரைப் பாகு. பாகு கெட்டியானது: ரெண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். முதல் நாள் போட்டுக் குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஊறுகாய் நக்கிய மாதிரி இருந்தது. ரம்மின் மேல்தான் முதல் சந்தேகம், ஏனென்றால் மலிவான ரம். மறுநாள் பகார்டி வாங்கினேன். அந்தக் கம்பெனி 1862-இல் தொடங்கியது கியூபாவில், சான்டியாகோவில். டைக்கிரி என்பதே அந்த சான்டியாகோவுக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் ஓர் ஊர். அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1898 வாக்கில் இதைக் கலந்ததாகக் கதை. அந்த ஊர்ப் பெயர், அந்த ஊர் ரம் வம்சம், இனிமேல் சரியாக வரும் என்று போட்டேன். அதே ஊறுகாய்.

அடுத்து எலுமிச்சை. அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. வெளிநாட்டுக் கணக்கெல்லாம் பெரிய, விதையில்லாத பழத்துக்கு எழுதியது. நம் நாட்டுப் பழம் சின்னது, புளிப்பு அதிகம், வாசனையும் அதிகம். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய நல்ல பழம் ஒன்றைப் பிழிந்தால் பதினைந்து மில்லி தேறும். பழத்தை மாற்றி, கசக்கிப் பிழியாமல் மெதுவாகப் பிழிந்து, போடுவதற்குச் சற்று முன்பாகவே பிழிந்து, எல்லாம் செய்தேன். புளிப்பு அடங்கவில்லை.

அப்புறம் பாகு. இந்தக் கட்டத்தில் மாமியார் உள்ளே வந்தார். "பாகு காச்சத் தெரியாதா மாப்ள, குடுங்க" என்று வாங்கிப்போய் ஒரு கம்பிப் பதத்தில் இறக்கிக் கொடுத்தார். அதிரசத்துக்கு உதவும். ஷேக்கரில் ஐஸ் மேல் விழுந்ததும் இறுகி, அடியில் கற்கண்டு மாதிரி ஒட்டிக்கொண்டது. காக்டெயிலுக்குப் பதமே கூடாது. சர்க்கரை கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அத்தைக்கு அதில் இன்னும் சமாதானம் இல்லை.

இதற்கு நடுவில்தான் நெக்ரோனி போட்டேன். ஜின், காம்பாரி என்ற கசப்பு மது, சிவப்பு வெர்மூத் என்ற மூலிகை ஒயின், மூன்றும் சம அளவு, தலைக்கு 30. ஷேக்கர் வேண்டாம், ஐஸோடு கரண்டியால் கலக்கினால் போதும். முதல் தடவையே அமிர்தமாக வந்தது. ஒரு வாரம் இப்படியே போயிற்று: நெக்ரோனி போட்டால் சரி, டைக்கிரி போட்டால் தப்பு. என் கைராசி கசப்புக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முள்ளோடை சிக்னலில் வண்டியை நிறுத்தியிருந்தபோது மண்டையில் அடித்தது. நெக்ரோனியில் மூன்றையும் அளந்தது ஜிக்கரின் ஒரே பக்கத்தால். அந்தப் பக்கம் பொய் சொன்னாலும் மூன்றுக்கும் ஒரே பொய். டைக்கிரியில் மூன்று சாமானுக்கு மூன்று வெவ்வேறு கோடு.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்தேன். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம். வேறு சூத்திரம் தேவையில்லை. பெரிய பக்கம், 60 என்று பொறித்தது: 59 கிராம். பரவாயில்லை. சின்னப் பக்கம், 30 என்று பொறித்தது, விளிம்பு வரை: 36. அதற்குள் 15 என்ற கோடு வரை: 12. மூன்று தடவை போட்டேன், அதே எண்கள். மெடிக்கலில் பத்து மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி அதாலும் அளந்தேன், அதே கதை.

அதாவது 60:30:15 என்று நினைத்து நான் போட்டது 59:36:12. சாற்றுக்கும் பாகுக்கும் இரண்டுக்கு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுக்கு ஒன்று. பாவம், பகார்டியைத் திட்டியிருக்கிறேன்.

கஸ்டமர் கேருக்கு எழுதினேன், தராசுப் படத்தோடு. "அளவுகள் தோராயமானவை" என்று பதில் வந்தது. அளவுக் குப்பியில் அளவே தோராயம் என்றால், அப்புறம் அது என்ன குப்பி? இன்னொரு தடவை எழுதியதும் புது ஜிக்கர் அனுப்பினார்கள், அந்த மட்டும் மரியாதைதான். புதியதையும் தராசில் வைத்தேன். 36. சுத்தமான தொழில், பிசகுகூட ஒரே மாதிரி.

இப்போது 15-க்கு நான் பயன்படுத்துவது இருமல் மருந்துப் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி. 5, 10, 15 எனக் கோடு போட்டது. தராசில் சோதித்தேன், அரை மில்லிகூட வித்தியாசமில்லை. சரியான அளவில் போட்டுப் பார்த்தபோதும் நம் எலுமிச்சைக்கு 30 சற்று அதிகம்தான் என்று தெரிந்தது. கடைசியாக நான் வந்து நின்றது 60 ரம், 20 சாறு, 15 கெட்டிப் பாகு. ஓட்டலில் குடித்ததுபோல, மூன்றும் தனியாகத் தெரியாமல், முதல் தடவையாக அமைந்தது.

ஷேக்கரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும், அது மோசமில்லை. மேல்மூடி, வடிகட்டி வைத்த கழுத்து, கீழே குவளை. பத்துப் பதினைந்து விநாடி, கை ஜில்லிட்டு வலிக்கும்வரை குலுக்க வேண்டும். குலுக்குவது கலப்பதற்கு மட்டும் இல்லை, தண்ணீர் சேர்ப்பதற்கும்தான். சுமார் 95 மில்லி உள்ளே போட்டால் 130 மில்லி வெளியே வருகிறது. மீதி முப்பத்தைந்தும் ஐஸ் கரைந்தது. அந்தத் தண்ணீரும் ஒரு சாமான், செய்முறையில் எழுதாத சாமான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்: மைனஸ் 4 டிகிரி. ஐஸைவிடக் குளிர்ச்சி, ஆனால் உறையவில்லை, சாராயம் உள்ளே இருப்பதால். எலுமிச்சை, பால், முட்டை மாதிரி எது சேர்ந்தாலும் குலுக்கு. வெறும் சரக்காக இருந்தால் கலக்கு. இந்த ஒரு வரி தெரிந்தால் பாதிப் புத்தகம் தெரிந்த மாதிரி.

குறை என்னவென்றால், குலுக்கி முடித்ததும் மேல்மூடி கழலாது. உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கி மூடியை உள்ளிழுத்துப் பிடித்துக்கொள்ளும். இது இந்த செட்டின் குறை இல்லை, மூன்று பாக ஷேக்கர் எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி. ஈரத் துணியில் கழுத்தைப் பிடித்து, மூடியைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் விடும். முதல் வாரம் அது தெரியாமல் மச்சானும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் வந்தபோது டைக்கிரி பூராவும் காலண்டரில் இருந்த முருகன்மேல்.

ஐஸ் தனி விவகாரம். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதனால் கேன் தண்ணீரில்தான் உறைய வைக்கிறேன். ஃப்ரீசரில் வஞ்சிரம் இருந்தால் ஐஸும் வஞ்சிரம் ஆகிவிடும். மூடி போட்ட தட்டு வேண்டும். துறைமுகத்தில் மீனுக்கு உடைக்கிற ஐஸ் கட்டி மலிவு என்று மச்சான் யோசனை சொன்னான். வேண்டவே வேண்டாம், அது குடிப்பதற்கு இல்லை.

ஸ்பிரிங் வடிகட்டி மாசி பிறப்பதற்குள் துரு. ஷேக்கரின் எஃகு நல்ல ரகம், ஸ்பிரிங் கம்பி மட்டும் காந்தத்தில் பட்டென்று ஒட்டியது. கடற்காற்று, எலுமிச்சைப் புளிப்பு, ரெண்டும் சேர்ந்தால் மலிவுக் கம்பி நிற்காது. கழுவியதும் துடைத்து வையுங்கள், அதற்குமேல் உங்கள் அதிர்ஷ்டம். நீளக் கரண்டிதான் செட்டிலேயே உத்தமம். கிளாஸின் உள்சுவரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு சுற்றும், ஐஸ் சத்தம்கூடப் போடாது.

செட்டைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்தலாம். ஆனால் இதை வாங்கியதில் எனக்குக் கிடைத்த நிஜமான லாபம், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியது.

நெல்லிக்குப்பத்தில் பிறந்தவனுக்கு ரம் வாசனை புதிதில்லை. அரவைக் காலத்தில் பாரி கம்பெனி ஆலைப் பக்கம் போனால் வருமே, சற்றே கருகின, புளித்த வெல்ல வாசனை, அதுதான். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற மொலாசஸ். ரம்முக்கு மூலம் அதுதான். இ.ஐ.டி. பாரி என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்; அந்த மூன்று எழுத்துக்கு விரிவு ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் என்பது எனக்கே இப்போதுதான் உறைத்தது. டிஸ்டில்லரி என்றால் வடிசாலை. ஊர்ப் பெருமையே பேரில் ஒளிந்திருந்திருக்கிறது.

இதைவிட வேடிக்கை, நாம் விஸ்கி என்று வாங்குகிற மலிவு பாட்டில்களில் பெரும்பாலானவற்றிலும் அடிப்படை அதே மொலாசஸ் சாராயம்தான், அதோடு கொஞ்சம் மால்ட். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க விடமாட்டார்கள். அங்கே தானியத்தில் காய்ச்சினால்தான் விஸ்கி. குடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஓல்ட் ஃபேஷன்ட் போடும்போது இது தெரிந்திருக்க வேண்டும். 1806-இல் நியூயார்க் மாகாணத்தில் ஹட்சன் என்ற ஊர்ப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் என்ன என்று விளக்கியது: ஏதாவது ஒரு சரக்கு, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு. ஓல்ட் ஃபேஷன்ட் இன்றைக்கும் அதேதான். சர்க்கரையும் கசப்பும் சரக்கின் சுவையைத் தூக்கிக் காட்டுவதற்கு. சரக்குக்கே சொந்தச் சுவை இல்லாவிட்டால் எதைத் தூக்கும்? நான் மலிவு விஸ்கியில் போட்டுப் பார்த்தேன், சர்க்கரைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. ஓல்ட் மாங்க் ரம்மில் போட்டேன். 60 மில்லி, பாகு அரை டீஸ்பூன், அங்கோஸ்டுரா என்ற கசப்புச் சாறு ரெண்டு உதறு, ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்தேன். எழுந்து உட்கார்ந்தேன். வெனிலா வாசனையும் வறுத்த வெல்லமும் ஏற்கனவே அதற்குள் இருக்கிறது, கசப்பு மட்டும்தான் குறைச்சலாக இருந்திருக்கிறது. 1954-இலிருந்து இதில் கோக் ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த அங்கோஸ்டுரா சின்ன பாட்டிலை முதலில் பார்த்தபோது ஓமத் தண்ணீர் ஞாபகம் வந்தது. தப்பில்லை, 1824-இல் வெனிசுவேலாவில் சீகெர்ட் என்ற ஜெர்மன் டாக்டர் வயிற்றுக்கு மருந்தாகத்தான் காய்ச்சினார். இப்போது டிரினிடாடிலிருந்து வருகிறது. லேபிள் பாட்டிலைவிடப் பெரிசு, கழுத்துக்குமேல் ஏறி நிற்கும். விலை எனக்கு உறுத்தியது, ஆனால் ஒரு தடவைக்கு ரெண்டு உதறுதான் என்பதால் நாலு மாசத்தில் கால்வாசிகூடத் தீரவில்லை.

ஜின்னில் நான் கற்றது ஒன்று. கோவாவில் காய்ச்சுகிற கிரேட்டர் தென் பாட்டிலிலும் லண்டன் டிரை என்று போட்டிருக்கிறது. அது ஊர் இல்லை, முறை. ஜூனிபர் காய், கொத்தமல்லி விதை, பழத்தோல் என வாசனைச் சாமான் எல்லாம் காய்ச்சும்போதே உள்ளே போக வேண்டும், இறக்கியபின் மணமோ நிறமோ ஊற்றக் கூடாது.

வெர்மூத் விஷயத்தில் தப்புச் செய்துவிடாதீர்கள். அது சரக்கு இல்லை, ஒயின். மூலிகை ஊறப் போட்டு, கொஞ்சம் சாராயம் ஏற்றியது. திறந்தால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஒன்றிரண்டு மாசத்தில் தீர்த்துவிட வேண்டும். என் முதல் பாட்டில் அலமாரியிலேயே நின்று காடியாகப் போயிற்று. அதன் பெயரே வெர்முட் என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது, எட்டிக்காய்க் கசப்பான ஒரு செடி. அந்தச் செடிக்கு நம் ஊரில் ஒன்றுவிட்ட தங்கை உண்டு, தலையில் வைக்கிற மரிக்கொழுந்து. அன்றிலிருந்து கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் பூக்கடைதான் ஞாபகம் வருகிறது. காம்பாரியை வீட்டுக்காரம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ காசு? நிலவேம்பு சும்மாவே குடுத்தாங்களே" என்றார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா வீட்டுப் பெரியவர் இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். செட்டை அவரிடம் காட்டினேன். ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தண்ணி சொம்பு போதும் தம்பி" என்றார். அவர் குடிப்பது பஸ்தீஸ் என்ற சோம்பு வாசனைப் பிரெஞ்சுச் சரக்கு. ஒரு பங்குக்கு அஞ்சு பங்கு ஜில் தண்ணீர். தேன் நிறத்தில் இருப்பது தண்ணீர் பட்டதும் பால் மாதிரி வெளுக்கிறது. சோம்பு எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது, அதனால் நுண்திவலையாக வெளியே வந்து நிற்கும். ஜிக்கர் இல்லாமல், கண்ணாலேயே ஊற்றினார். நான் சும்மா இருப்பேனா, வாங்கித் தராசில் வைத்தேன். 21 கிராம், அடுத்த கிளாஸில் 20. 1,349 ரூபாய் செட்டைவிடத் திட்டம்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். ஷேக்கருக்கும் கரண்டிக்கும் மட்டும். செட்டாக வாங்காதீர்கள், ஷேக்கர் ஒன்று, கரண்டி ஒன்று தனியாக வாங்கிக்கொண்டு, அளக்க மருந்து மூடியோ கோடு போட்ட சின்ன கண்ணாடிக் குவளையோ வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே ஜிக்கரைத் தராசில் வையுங்கள். கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று: நான் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு மச்சான் ஞாயிற்றுக்கிழமை இங்கேயே படுத்துத் திங்கள் காலைதான் கிளம்புவான், வெறுங்கையோடு. தமிழ்நாட்டுப் பக்கம் ஆல்பேட்டை செக்போஸ்டில் புதுச்சேரி பாட்டிலோடு நின்று கதை சொல்ல யாராலும் முடியாது.

ஒன்று விட்டுப்போயிற்று. ஷேக்கர் வாரத்தில் ஆறு நாள் என் கையில் இல்லை. தயிர், தண்ணீர், உப்பு, ரெண்டு கறிவேப்பிலை, நாலு ஐஸ் போட்டு மாமியார் குலுக்குகிறார். மத்து வேண்டாம், நுரை அப்படி நிற்கிறது. நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன், ஃப்ரிட்ஜில் வெர்மூத் பாட்டிலுக்குப் பக்கத்தில் மோரோடுதான் இருக்கிறது. மூடி கழலவில்லை.